‘தெரியுது சார்’ நரசிம்மன்

பறவைகளில் எத்தனை வகை உண்டோ, பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களிலும் ஏறக்குறைய அத்தனை வகை உண்டு. கழுத்தில் பீரங்கி நீளத்துக்கு ஒரு கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, எதிரே மரத்தைக் கொத்திக்கொண்டிருக்கும் மரங்கொத்தியை விட்டுவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு முன் எடுத்த மரங்கொத்திப் படத்தைப் பெரிதுபண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒரு வகை. “நேத்து வந்திருக்கணும் நீங்க!” என்று, வருகிறவர்களை எல்லாம் ஒரு நாள் தாமதமாக்கி அனுப்புகிறவர் இன்னொரு வகை. இவர்களை யார் வேண்டுமானாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம். நான் இன்று உங்களுக்குக் காட்டப்போவது, எல்லாக் கூட்டத்திலும் இருந்துகொண்டு யார் கண்ணிலும் படாத இனம். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒரே மாதிரி. தனி நிறம், கொண்டை, வால் எதுவும் கிடையாது. குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். யாராவது எதையாவது சுட்டிக்காட்டிய இரண்டாவது நொடியில், “தெரியுது, தெரியுது!” என்று கூவும்.

இந்த இனத்தில் நல்ல மாதிரி ஒன்று மறைமலைநகரில் வசிக்கிறது. பெயர் நரசிம்மன். வயது ஐம்பத்திரண்டு, மூக்கில் கண்ணாடி. கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். தலைமுடியில் பாதி அகலத்துக்கு ஒரு துளை தள்ளி விழுந்திருந்தாலும் கண்டுபிடித்துப் பெட்டியையே திருப்பி அனுப்பிவிடுவார். அவர் மேசைக்கு வரும்போது இரும்புத் துண்டுகூட நடுங்கும் என்று சொல்வார்கள். வேலைநாளில் இப்படிப்பட்ட கண், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு என்னவாகிறது? அதுதான் கதை.

சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, நடக்க வேண்டும் என்றார் டாக்டர். தெருவில் நாலு நாள் நடந்த நரசிம்மன் ஐந்தாம் நாள் மழை என்றார், ஆறாம் நாள் நாய் என்றார். “தனியா நடக்கச் சொன்னாத்தானே காரணம் சொல்றீங்க? கூட்டத்தோட போங்க” என்று அவர் மனைவி அமிர்தவல்லி விசாரித்துச் சேர்த்துவிட்ட இடம்தான் ‘ஏரிக்கரை பறவை நண்பர்கள்’. செங்கல்பட்டைச் சுற்றியுள்ள ஏரி, வயல், கழிமுகம் என்று மாதம் ஓர் இடமாக நடக்கிற குழு. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். தலைவர் ஹரிகிருஷ்ணன், கல்பாக்கத்தில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கொக்கைக் காட்டுவதென்றாலும் அணு உலைக்கு வழி சொல்வதுபோலத் துல்லியமாகச் சொல்லுவார்.

மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பைனாகுலரோடு நரசிம்மன் முதல் நாள் போய் நின்றார். அவருக்குப் பக்கத்தில் அவரைப்போலவே புதிதாக வந்த ஒரு வங்கி ஊழியர்.

“அங்க ரெண்டு பனமரம் இருக்கில்ல, அதுல இடது மரம். அதுலேந்து மூணு மீட்டர் கீழ வந்தா வேலிக்காத்தான். அதுல காஞ்ச கிளை ரெண்டாப் பிரியுது. வலதுபக்கக் கிளையில, பத்து மணி திசையில, பஞ்சுருட்டான். தெரியுதா?” என்றார் ஹரிகிருஷ்ணன்.

“தெரியலயே சார்” என்றார் வங்கி ஊழியர்.

பாவம், உண்மையைச் சொன்னார். ஹரிகிருஷ்ணன் மறுபடியும் பனைமரத்திலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது முறை ஆரம்பித்தபோது பின்னால் நின்ற பதினோரு பேரும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். ஒருவர் இருமினார். நான்காவது முறை கிளை பிரிகிற இடத்துக்கு வந்தபோது பஞ்சுருட்டான் பறந்துபோயிற்று. பதினோரு பேரும் வங்கி ஊழியரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவர்தான் அந்தப் பறவையைக் கல்லெறிந்து விரட்டினார் என்பதுபோல. அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

“உங்களுக்குத் தெரிஞ்சுதா சார்?” ஹரிகிருஷ்ணன் நரசிம்மனிடம் திரும்பினார்.

நரசிம்மனின் பைனாகுலரில் தெரிந்தது என்ன என்பதை உள்ளபடி சொல்லவேண்டுமானால், இரண்டு வட்டமான பனிமூட்டம், ஓரத்தில் அவருடைய சொந்த இமைமுடி. அவ்வளவுதான்.

“தெரிஞ்சுது சார்” என்றார்.

பதினோரு பேரும் மூச்சு விட்டார்கள். கூட்டம் நகர்ந்தது. வெறும் மரியாதைக்காகச் சொன்ன ஒரு வார்த்தை. அதில் என்ன தப்பு, சொல்லுங்கள்?

தப்பு இரண்டாவது தடவை சொன்ன வார்த்தையில்தான் இருக்கிறது. முதல் நாளே, “இதை எப்படி சார் சரிபண்ணணும்?” என்று பைனாகுலரை நீட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் அது அசட்டுத்தனம். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் வாக்குமூலம். நரசிம்மன் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகத் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

என்ன தொழில் என்கிறீர்களா? “தெரியுது” என்று உடனே சொல்லக்கூடாது, ஒரு விநாடி தேட வேண்டும். பைனாகுலரைச் சற்று இடமும் வலமுமாக ஆட்டி, பிறகு சட்டென்று நிறுத்தி, “ஆங்…” என்று மூச்சை இழுக்க வேண்டும். அதன்பின் எந்தப் பறவைக்கும் பொருந்துகிற ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். நரசிம்மனிடம் மூன்று வாக்கியங்கள் இருந்தன. “வாலை லேசா ஆட்டுது பாருங்க.” எந்தப் பறவைதான் ஆட்டாது? “குஞ்சுலேந்து இப்பத்தான் வளர்ந்திருக்கும்போல.” ஒரு காலத்தில் எல்லாமே குஞ்சுதானே! மூன்றாவது வாக்கியம் இரண்டுக்கும் மேலே: பைனாகுலரை மெதுவாக இறக்கி, தலையை ஆட்டி, “கொடுத்து வெச்சிருக்கணும் சார்.”

இரண்டு வருடத்தில் அவருடைய பட்டியலில் நூற்று நாற்பத்து மூன்று பறவைகள் ஏறின. இதில் காகம், மைனா, மயில், வெறும் கண்ணுக்கே தெரிகிற கொக்கு வகையறா என்று பார்த்தால் இருபதைத் தாண்டாது. ஆனால் நாணலுக்குள் ஒளிந்திருக்கும் மஞ்சள் குருகை ஹரிகிருஷ்ணன் சொல்லி வாய் மூடுவதற்குள் கண்டுபிடித்துவிடுகிறவர் என்று குழுவில் அவருக்குப் பெயர். “நரசிம்மன் சார் கண்ணு இருக்கே, அது கழுகுக் கண்ணு” என்றார் ராஜம். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சராக இருந்தவர், லேசில் யாரையும் பாராட்டமாட்டார். அன்றைக்கு நரசிம்மன் வீட்டுக்குப் போய் ஒரு தோசை அதிகம் சாப்பிட்டார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜனவரி மாதக் கணக்கெடுப்பு வந்தது.

கணக்கெடுப்பென்றால் அன்று பார்க்கிற ஒவ்வொரு பறவையையும் எழுதி அறிக்கையாக அனுப்ப வேண்டும். அரிய பறவை எதுவானாலும் இரண்டு பேர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், இரண்டு பேரும் தனித்தனியாக அடையாளம் எழுதித்தர வேண்டும். இது ஹரிகிருஷ்ணன் தானே போட்ட விதி. தனக்கே விலக்குத் தராத ஆள் அவர்.

திருக்கழுக்குன்றம் போகிற வழியில் உள்ள ஓர் ஏரி. பனி இன்னும் தண்ணீர்மேல் கிடந்தது. குழுவில் அன்று ஒரு புதுமுகம், ஷஹர்பானு. செங்கல்பட்டுக் கடைத்தெருவில் அவரும் கணவர் மொய்னுதீனும் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணையே பார்த்து அலுத்துவிட்டது, ஒரு நாளாவது என் கண்ணால் எதையாவது பார்க்கிறேன் என்று வந்திருந்தார். கரையோரம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த சந்திரம்மா என்கிற பெண்மணி, பத்துப் பேர் வரிசையாக நின்று நாணலை வெறிப்பதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

“இன்னா சார், எதுனா தொலைஞ்சு பூட்ச்சா?”

“இல்லம்மா, குருவி பாக்கறோம்.”

“அதுக்கா இம்மா தூரம் வந்துகினீங்க? உங்க ஊர்ல குருவி கெடியாதா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அறுப்பைத் தொடர்ந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஹரிகிருஷ்ணன் “ஹா!” என்றார். நாணலுக்கு மேலே கறுப்பாக ஏதோ ஒன்று எழும்பி, சிறகை இரண்டு அடி அடித்து, மறுபடியும் உள்ளே விழுந்து மறைந்தது. எல்லாம் அரை விநாடி.

“கருங்குருகு!” என்று நாணலைக் காட்டினார். “கருங்குருகுப்பா! ஆறு வருஷமா இந்த ஏரியில இதைத்தான் தேடறேன். யாராவது பாத்தீங்களா? யாராவது?”

ஷ்யாம் பார்க்கவில்லை. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற இளைஞர், கேமராக்காரர். அவர் முந்தைய படத்தைப் பெரிதுபண்ணிக்கொண்டிருந்தார். ராஜம் டீச்சர் பார்க்கவில்லை, ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். “எனக்கு ஒண்ணும் தெரியல சார்” என்றார் ஷஹர்பானு. ஹரிகிருஷ்ணனின் முகம் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு படி இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் நரசிம்மனிடம் வந்து நின்றது. அறுபத்தாறு வயது மனிதர், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன்போல நின்றார்.

அந்த முகத்தைப் பார்த்து, நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

“பாத்தேன் சார்” என்றார் நரசிம்மன். வாய் பழகியிருந்ததால் அதுவாகவே, “கொடுத்து வெச்சிருக்கணும் சார்” என்றும் சேர்த்துக்கொண்டது.

ஹரிகிருஷ்ணன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். பிறகு மூக்கை உறிஞ்சி, விஞ்ஞானியாக மாறி, பையிலிருந்து இரண்டு படிவங்களை எடுத்தார். “நம்ம ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாது. நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க, நான் இந்தப் பக்கம். பாத்ததை அப்படியே எழுதுங்க, போதும். கழுத்துல பட்டை என்ன கலர், அலகு என்ன கலர், கால் எப்படித் தொங்குச்சு.”

நரசிம்மன் படிவத்தோடு ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்தார். பெயர் எழுதினார். தேதி எழுதினார். நேரம் எழுதினார். அதோடு அவருக்குத் தெரிந்தது தீர்ந்துபோயிற்று. எத்தனை ஆயிரம் இரும்புத் துண்டுகளுக்குப் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்! ஒரு நாளாவது பார்க்காததைப் பார்த்ததாக எழுதியதுண்டா? வாயால் சொல்வது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு என்று இரண்டு வருடமாக அவருக்குத் தோன்றாதது இப்போது தோன்றியது. எழுதினால் பொய். எழுதாவிட்டால் அந்தக் கிழவரின் ஆறு வருடம் போச்சு. பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் புல்லில் வைத்திருந்த அவருடைய பைனாகுலரை ஷஹர்பானு எடுத்தார். “நான் ஒரு தபா பாக்கட்டா சார்? என்னோடது சின்னது.” கண்ணில் வைத்தார். எடுத்தார். துடைத்தார். மறுபடி வைத்தார்.

“இன்னா சார் இது, ஒரே பொகையா கீது?”

நரசிம்மன் படிவத்தில் தேதியை இன்னொரு தடவை அழுத்தி எழுதினார்.

“நீங்க கண்ணாடி போடறவரு. அப்போ இந்த ரப்பரை உள்ள மடிக்கணுமே, மடிக்கவே இல்ல. இதை ரெண்டு கண்ணுக்கும் தக்கன வளைச்சு வெக்கணும், வந்த பெட்டியில இருந்தா மாதிரியே கீது. வலது கண்ணுக்குன்னு தனியா ஒரு வளையம் கீது பாருங்க, அது ஒரு ஓரமாப் போய் மாட்டிக்கினு கீது.” பேசிக்கொண்டே அவர் விரல்கள் கடையில் வேலை செய்வதுபோல மடித்தன, வளைத்தன, திருகின. பிறகு நிமிர்ந்து, குரலை இறக்கி, “சார், இதை வெச்சுக்கினு அந்தக் குருவியை எப்படிப் பாத்தீங்க?” என்று கேட்டார்.

“பாக்கல” என்றார் நரசிம்மன். அந்த ஒரு சொல் வெளியே வருவதற்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஷஹர்பானு சிரிக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரியை மனப்பாடமாகச் சொல்லிவிட்டுப் போகிற ஆட்கள்தான், அவருக்கு இதெல்லாம் புதிதில்லை. “இப்போ பாருங்க” என்று பைனாகுலரை நீட்டினார்.

நரசிம்மன் வைத்துப் பார்த்தார். நாணல் ஓரத்தில், சேற்றில், ஒரு தாழைக்கோழி நடந்துகொண்டிருந்தது. எந்த ஏரியிலும் எந்த நாளும் நடக்கிற, யாரும் நின்று பார்க்காத, குழுவினர் எண்ணிக்கை மட்டும் குறித்துக்கொண்டு தாண்டிப்போகிற சாதாரணத் தாழைக்கோழி. அவர் பட்டியலில் ஏழாவது பறவை.

“ஐயோ!” என்று கத்தினார் நரசிம்மன். “சார்! ஓடி வாங்க சார்! மூக்கு சிவப்பு! நுனியில மட்டும் மஞ்சள், யாரோ தொட்டு வெச்ச மாதிரி! காலு பச்சை சார்! விரல் எவ்ளோ நீளம்! ஒவ்வொரு தரம் அடி எடுத்து வெக்கறப்பவும் வாலைத் தூக்குது, கீழ வெள்ளை! நெஜமாவே வாலை ஆட்டுது சார்!”

கருங்குருகுதான் திரும்ப வந்துவிட்டது என்று மற்ற எல்லோரும் சேற்றில் வழுக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஷ்யாமின் ஒரு செருப்பு ஏரியோடு தங்கிவிட்டது. ஹரிகிருஷ்ணன் மூச்சிரைக்க அவர் காட்டிய திசையில் பார்த்தார்.

“நரசிம்மன், அது தாழைக்கோழி.”

“ஆமா சார்! எவ்ளோ அழகா இருக்கு!”

“இதை நீங்க மாசா மாசம் பாக்கறீங்க.”

நரசிம்மன் பைனாகுலரை இறக்கினார். கையில் வெறும் படிவம். “இல்ல சார். இன்னிக்குத்தான் பாக்கறேன். கருங்குருகு நான் பாக்கல. பஞ்சுருட்டானும் பாக்கல. மொத நாள்லேந்து எதையுமே பாக்கல சார். நீங்க நகர்ந்து போகணுமேன்னு ‘தெரியுது’ன்னு சொன்னேன். அப்புறம் நிறுத்த முடியல.”

சந்திரம்மாவின் அரிவாள் மட்டும் சரக் சரக்கென்று கேட்டது.

முதலில் தொண்டையைச் செருமியது ராஜம் டீச்சர். “வேடந்தாங்கல் ரோட்டுல ஒரு பொந்துல ஆந்தை காட்டினீங்களே ஹரி… அது எனக்கும் தெரியல. பொந்துதான் தெரிஞ்சுது.”

“எனக்குப் பொந்தே தெரியல மேடம்” என்றார் ஒற்றைச் செருப்போடு நின்ற ஷ்யாம்.

அதன்பிறகு அணை உடைந்தது. போன வருடத்து மாம்பழச்சிட்டு ஆறு பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு கிளம்பியது. ராஜம் டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஹரிகிருஷ்ணன் ஒருவர்தான் சிரிக்கவில்லை. தன் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘கழுத்துப் பட்டை: மஞ்சள்’ என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தார்.

“இந்த மஞ்சளை நான் பாத்தேனா, பாக்கணும்னு ஆசைப்பட்டேனா, சத்தியமாச் சொல்லத் தெரியல” என்றார் மெதுவாக. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். பிறகு, “முக்கால் மணி நேரம் உக்காந்து பாப்போம்” என்றார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அறிக்கையில் அந்த வருடம் கருங்குருகு இல்லை. ஹரிகிருஷ்ணன் நரசிம்மனோடு ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் அவரே போன் பண்ணி, “அந்த வளையத்தைத் திருப்பியும் அசைச்சுடாதீங்க, ஒரு சின்ன டேப்பு ஒட்டி வைங்க” என்றார்.

இதோடு முடிந்திருந்தால் திருந்திய மனிதர் கதையாக இருந்திருக்கும். ஆனால் திருந்திய நரசிம்மனை நீங்கள் பார்த்ததில்லையே!

பிப்ரவரியில் முட்டுக்காடு. கழிமுகத்துச் சேற்றில் நானூறு உள்ளான்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே மண்ணின் நிறம், எல்லாம் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று மட்டும் வேறு வகை என்று ஹரிகிருஷ்ணன் காட்டினார்.

“தெரியல சார்” என்றார் நரசிம்மன்.

“இடதுபக்கத்துலேந்து பதினேழாவது.”

“எண்ணிட்டேன் சார். பதினேழாவது ஓடிடுச்சு. இப்போ அது பத்தொன்பதாவதா, பதினஞ்சாவதா?”

மணி ஒன்பது ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. தரப் பரிசோதகர் இப்போது முழு வேலையில் இறங்கியிருந்தார். ஒவ்வொரு உள்ளானாக எடுத்து, பார்த்து, தள்ளி, அடுத்ததற்குப் போனார். சேறு காயத் தொடங்கியது. பதினோரு பேர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். நடை முடிந்ததும் மாமல்லபுரத்தில் ஒரு கடையில் டிபன் என்பது குழுவின் நெடுநாள் வழக்கம். பத்து மணிக்குமேல் போனால் அங்கே பொங்கல் இருக்காது.

“நரசிம்மன்” என்றார் ஹரிகிருஷ்ணன், தழைந்த குரலில். “ஒரே ஒரு தடவை. எங்களுக்காக. தெரியுதுன்னு சொல்லிடுங்களேன்.”

“தெரியலயே சார்!”

“முன்னெல்லாம் டக்குனு சொல்லிடுவீங்களே சார்” என்று ஷ்யாம் ஏக்கத்தோடு சொன்னார்.

“நான் வளையத்தைத் தொட்டுருக்கவே கூடாது” என்றார் ஷஹர்பானு.

பத்தேகாலுக்கு நரசிம்மன் கண்டுபிடித்தார். கீழ்நோக்கி லேசாக வளைந்த அலகோடு ஓர் உள்ளான், மற்றதெல்லாம் ஓடும்போது தான் மட்டும் நின்று சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாக்கியமும் இல்லை. கூட்டம் அவரை விட்டுவிட்டு வேனை நோக்கிப் போய்க்கொண்டிருந்ததுகூடத் தெரியாமல் நின்றார். அன்றைக்கு எல்லோருக்கும் கிடைத்தது ஆறிப்போன உப்புமா. நரசிம்மன் இரண்டு பிளேட் வாங்கினார். உப்புமா ரொம்ப நன்றாக இருக்கிறது என்று உண்மையாகவே சொன்னார்.

என்ன, சிரிக்கிறீர்களா? நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, பறவை பக்கமே போனதில்லை என்கிறீர்கள். இருக்கட்டும். இந்த இனம் ஏரிக்கரையில் மட்டும்தான் வாழ்கிறது என்று நான் சொல்லவே இல்லையே. உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தாலி கட்டிய கையோடு, ஹோமப் புகையில் எரிகிற கண்ணோடு, உங்களை மண்டப வாசலுக்குக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். காலை பத்தரை மணி வெயில். ஐயர் வானத்தைப் பார்த்து விரலை நீட்டி, “அதோ அருந்ததி நட்சத்திரம், தெரியுதா?” என்றார். பக்கத்தில் பெண்டாட்டியோ புருஷனோ, பின்னால் பசியோடு இருநூறு பேர்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்?